மூக்கில் வைக்காத ஈயம்

பெட்டி மடியில் இருக்கிறது, ஆடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும், எனக்கு இட்ட வேலை அவ்வளவுதான். குரோம்பேட்டையில் ஏறி எழும்பூரில் இறங்குகிற வரைக்கும் ஒரு அட்டைப் பெட்டியை ஆடாமல் பிடிக்க முடியாதா, இரண்டு பிள்ளைகளைப் போட்டுத் தூங்கவைத்த மடிதானே. இடது கை பெட்டியின் மேல், வலது கை முந்தானைக்குள் ஜெபமாலையின் மேல், சனிக்கிழமை என்பதால் சந்தோஷ தேவ ரகசியம், முதல் பத்தில் ஆறாவது மணியா ஏழாவது மணியா என்று விரல் நிற்கிறது, சரி, ஆறு என்றே வைத்துக்கொள்வோம். எதிர் சீட்டில் ஜெனி. என் மகள் ஜெனிட்டா, முப்பத்திரண்டு வயது, பதினான்கு மாதம் கழித்து இன்றைக்குத்தான் கோயிலும் மருந்துக்கடையும் அல்லாத ஒரு இடத்துக்குப் போகச் செருப்பு மாட்டியிருக்கிறாள், தலையை இறுக்கிப் பின்னியிருக்கிறாள், காதில் சின்ன முத்துத் தோடு கூடப் போட்டிருக்கிறாள். அந்தத் தோட்டைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. பெட்டிக்குள் இருக்கிற பொம்மை விமானம் மேசையில் வைத்ததும் நிற்காது என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். காலையில் அவள் குளிக்கப் போயிருந்தபோது நேற்று ராத்திரிதான் சக்கரம் ஒட்டிப் பெட்டிக்குள் பஞ்சுத் தொட்டிலில் தலைகீழாகக் காய வைத்திருந்ததை எடுத்து, எவ்வளவு அழகாகச் செய்திருக்கிறாள் என் பிள்ளை என்று, சும்மா ஒரு தரம் பார்க்கத்தான், மேசையில் மூன்று சக்கரத்தின் மேல் நிறுத்தினேன். மெதுவாக, அவசரமே இல்லாமல், மூக்கைத் தூக்கிக்கொண்டு வால் தரையில் பட உட்கார்ந்துவிட்டது, தெரு நாய் உட்காருகிற மாதிரி. இன்னொரு தரம் நிறுத்தினேன். இன்னொரு தரம் உட்கார்ந்தது. பாத்ரூமில் தண்ணீர் நின்ற சத்தம் கேட்டதும் தொட்டிலிலேயே கவிழ்த்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய் வெறும் அடுப்பைத் துடைத்தேன்.

பல்லாவரம். கூட்டம் அதிகமில்லை, மத்தியான ரயில், வெயில் சீட்டின் பாதியில் உட்கார்ந்திருக்கிறது. தயாளன் சார் என்று ஒருவர், பாங்கில் இருந்து ரிட்டையர் ஆனவர், பொம்மை விமானம் கட்டுகிற ஆறு பேரை, தன்னையும் சேர்த்து, போனில் ஒரு குரூப்பாகச் சேர்த்து வைத்திருக்கிறார். வருஷத்துக்கு ஒரு தரம் எல்லோரும் ஒரே நேரத்தில் ஆளுக்கொன்று கட்ட வேண்டும், இரண்டு மாதம் தவணை, தவணை முடிகிற நாளில் ஒரு இடத்தில் கூடி மேசையில் வைத்துக் காட்ட வேண்டும், அது இன்றைக்கு எழும்பூரில், என்ன மாதிரிக் கட்டுவது என்று அவரவர் ஆசைப்பட முடியாது, சீட்டுக் குலுக்கி வருவதுதான். ஊறுகாய் ஜாடியில் சீட்டுகளைப் போட்டு அவரே குலுக்கி அவரே எடுத்து வீடியோ அனுப்பினார். நானும் ஜெனியும் கட்டிலில் உட்கார்ந்து பார்த்தோம். வஹீதா என்று ஒரு பல் டாக்டர் அம்மாவுக்குக் காட்டுத்தீ அணைக்கிற விமானம், இன்னொருவருக்குக் கடலில் இறங்கியது, அப்புறம் ஜெனிட்டா என்று பெயரைச் சொல்லிவிட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார், ‘பழுது பார்க்க நிறுத்தியிருக்கும் விமானம்.’ எனக்குக் கட்டிலோடு கீழே போவது போல் இருந்தது. உலகத்தில் எத்தனை இருக்க இதுவா வர வேண்டும். டாக்டரம்மா உடனே குரல் அனுப்பினார், நல்ல மனுஷி, “ஜெனி, மாத்திக்கலாமா? என் நெருப்பை நீ எடுத்துக்க. நாள் பூரா வாய்க்குள்ள ரிப்பேர் பாக்கறவ நான், எனக்கு அது பழக்கம்.” தயாளன் சார் விடவில்லை, “மாத்தறதெல்லாம் கிடையாது டாக்டர். கல்யாணம் மாதிரிதான், வந்ததை வச்சுக் குடும்பம் நடத்தணும்.” மாற்றிக்கொள்ளடி என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன். அவள் எழுதி அனுப்பினாள், ‘எனக்கு இதுவே போதும் சார்.’ அதற்குப் பிறகு இரண்டு மாதம் வீடு முழுக்கப் பசை நாற்றமும் உப்புத்தாள் தேய்க்கிற சத்தமும். காலையில் எழுந்து சாப்பிடு என்று அவளிடம் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அவளே எழுந்து வந்தாள், அந்த நாற்றத்துக்காக நான் நன்றி சொன்னேன், ஆண்டவரே இந்த நாற்றம் இப்படியே இருக்கட்டும் என்று.

திரிசூலம் வருகிறது. இந்தப் பக்கம் மலை, அந்தப் பக்கம் விமான நிலையம். ஜெனி போனைப் பார்க்கிறாள். போனில் ஒன்றுமில்லை, திரை கறுப்பாக இருக்கிறது, நான் பார்த்துவிட்டேன் என்று அவளுக்கும் தெரியும். அந்தப் பக்கத்தில்தான் அவள் வேலை பார்த்தாள், நிஜ விமானத்தில், ஏழு வருஷம். எப்படி வேலை பார்ப்பார்கள் என்று சமையலறைக் கரண்டிகளை வைத்து எனக்குச் சொல்லிக் காட்டியிருக்கிறாள். ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவத்திலேயே பள்ளம் வெட்டிய தட்டு இருக்குமாம், தட்டைத் திறக்கும்போது ஒரு எண்ணிக்கை, மூடும்போது ஒரு எண்ணிக்கை, ஒரு பள்ளம் காலியாக இருந்தாலும் விமானம் நகரக் கூடாது. “உன் மசாலா டப்பா மாதிரிம்மா, ஆனா கடுகு ஒண்ணு குறைஞ்சாலும் சமையல் நின்னுடும்” என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்பில் முன்பல் கொஞ்சம் தெரியும். பதினான்கு மாதத்துக்கு முன் ஒரு நாள், விரல் நீளத்துக்கு ஒரு பேனா டார்ச், அவ்வளவுதான், இறக்கைக்கு அடியில் ஒரு மூடிக்குள் இருந்துவிட்டது, எல்லாம் திரும்பி வந்தது என்று தாளில் அவள் கையெழுத்து. இரண்டு மணி நேரத்தில் அடுத்த ஷிப்டு ஆள் கண்டுபிடித்துவிட்டான், விமானம் கிளம்பவே இல்லை, யாருக்கும் ஒரு கீறல் இல்லை, நாற்பது நிமிஷம் தாமதம், ஒரு கடிதம், மூன்று மாதம் சஸ்பென்ஷன். மூன்று மாதம் முடிந்தது. அவள் போகவில்லை. நான் எப்படிம்மா மறந்தேன், மூடும்போது எண்ணினேன், எண்ணினது ஞாபகம் இருக்கு, இருக்குன்னு பாத்தது ஞாபகம் இருக்கு, இல்லாததை எப்படிம்மா இருக்குன்னு பாத்தேன். இதே கேள்வி, சாப்பிடும்போது, துணி மடிக்கும்போது, பதில் சொல்ல நான் ஒன்பதாவதோடு நின்றவள். அன்றிலிருந்து அவள் எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை. கூரியர்காரன் வந்தால், “நீயே போடும்மா.” போன மாதம் ஆபீசிலிருந்து இன்னொரு கடிதம், திரும்ப வர இஷ்டமிருந்தால் கையெழுத்திட்டு வருகிற திங்கட்கிழமைக்குள் அனுப்பவும் என்று. அது பிரிட்ஜ் கதவில் வேளாங்கண்ணி மாதா காந்தத்தின் கீழே தொங்குகிறது. நான் அதைத் தூசி தட்டுகிறேன், காகிதத்தை யாராவது தூசி தட்டுவார்களா.

மணி நழுவிவிட்டது, மறுபடி முதலிலிருந்து. அருள் நிறைந்த மரியே என்று தொடங்கினால் டம்ளர் வந்து நிற்கிறது. அந்த டம்ளர். செவ்வாய்க்கிழமை நான் அவள் மேசையைத் துடைத்தேன், அதில் சந்தேகமில்லை, ஏனென்றால் செவ்வாய்க்கிழமைதான் அந்தோனியார் கோயிலுக்குப் போவேன். மேசையில் என் நல்ல எவர்சில்வர் டம்ளர் இருந்தது, உள்ளே மிளகு அளவில் ஈயக் குண்டுகள், தூண்டிலில் கட்டுகிறது. குடிக்கிற டம்ளரில் ஈயமா என்று குண்டுகளை ஒரு பிளாஸ்டிக் கவரில் கொட்டி முடிச்சுப் போட்டு, எங்கே வைத்தேன், மெழுகுவத்தி டிராயரில் வைத்தேன், டம்ளரைத் தேய்த்துக் கவிழ்த்தேன். விமானத்தின் உடம்பு இரண்டு பாதியாக இருக்கும், மீனைப் பிளந்த மாதிரி, அதை ஒட்டி மூடுவதற்கு முன்னால் மூக்குக்குள் அந்த ஈயத்தை வைத்துப் பசை ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் பின்பாரம் இழுத்து வால் உட்காரும் என்று அவளே ஒரு வாரத்துக்கு முன் எனக்குச் சொன்னாள். செவ்வாய்க்கிழமைதான் ஒட்டி மூடினாள். நான் கோயிலிலிருந்து வந்தபோது ரப்பர் பாண்டு சுற்றி மேசையில் இருந்தது. நான் டம்ளரை எடுத்தது கோயிலுக்குப் போகும் முன்னாலா, வந்த பிறகா? முன்னால் என்றால் தப்பு என்னுடையது, டம்ளர் அவள் கண்ணில் படாமலே போயிருக்கும், பாவம். வந்த பிறகு என்றால் கண்ணெதிரே டம்ளர் இருந்தும் அவள் மறந்திருக்கிறாள், திரும்பவும், அதே மாதிரி. டம்ளரை எடுக்கும்போது பசை நாற்றம் இருந்ததா? இருந்தது. ஆனால் அந்த வீட்டில் எப்போது இல்லை? குக்கர் விசில் அடித்தது ஞாபகம் இருக்கிறது, பருப்புக்கு, ஆனால் அன்றைக்கு இரண்டு தரம் குக்கர் வைத்தேன், காலையில் பருப்பு, மத்தியானம் கிழங்கு. கையில் ஈரம் இருந்தது. கோயில் புடவையா வீட்டுப் புடவையா, முந்தானையில் கையைத் துடைத்தேனா, கோயில் புடவை என்றால் துடைத்திருக்க மாட்டேன். துடைத்த மாதிரியும் இருக்கிறது, துடைக்காத மாதிரியும் இருக்கிறது. நேற்று சாயந்திரம் மெழுகுவத்தி தேடும்போது கவர் கையில் தட்டுப்பட்டு, அதை என் பையில் போட்டுக்கொண்டதிலிருந்து இதே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறேன், களைப்பாக இருக்கிறது, மாவாட்டி முடித்த பிறகு வருகிற களைப்பு இல்லை இது, மாவே போடாமல் கல்லைச் சுற்றிய களைப்பு.

பரங்கிமலையில் ஒரு அம்மா கீரைக்கூடையோடு ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பெட்டியைப் பார்த்தாள், என் கழுத்தில் சிலுவையைப் பார்த்தாள். “கேக்கா?” என்றாள். இல்லை என்று தலையாட்டினேன். “பாத்துப் புடிச்சுக்க, போன கிறிஸ்மஸுக்கு எங்க வீட்டுப் பக்கத்துல ஒரு அம்மா இப்படித்தான் கொண்டாந்து, மாம்பலத்துல எவனோ இடிச்சு, பூவெல்லாம் மூடியில ஒட்டிக்கிச்சு.” ஜெனி நிமிர்ந்து, “கேக் இல்லக்கா, ஏரோப்ளேன்” என்றாள். வெளி ஆளிடம் அவள் பேசுகிற குரலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று. அந்த அம்மா பெட்டியை மறுபடி பார்த்துவிட்டு, “ஏரோப்ளேனையா ரயில்ல ஏத்திக் கூட்டிப் போறீங்க? அதுக்கென்ன, கால் வலியா?” என்றாள். ஜெனி சிரித்தாள். பல் கொஞ்சம் தெரிந்தது. நானும் சிரித்தேன், சிரிக்கும்போதே பெட்டிக்குள் அது மூக்கைத் தூக்குகிற மாதிரி இருந்தது. ஐந்து பேர் நின்று பார்க்கப் போகிறார்கள், இவள் தொட்டிலிலிருந்து எடுத்து மேசையில் வைக்கப் போகிறாள், அது உட்காரும். யாராவது பாவம் பார்ப்பார்கள், அதுதான் மோசம். இவள் பெட்டியை மூடுவாள், வீட்டுக்கு வந்து தோட்டைக் கழற்றுவாள், திங்கட்கிழமை வரும், போகும், அந்தக் காகிதம் காந்தத்தோடு மஞ்சளாகும். பெரியவன் அருள்ராஜ் மஸ்கட்டிலிருந்து கூப்பிட்டு, “இன்னும் பொம்மைதான் செஞ்சிக்கிட்டிருக்காளாம்மா? நீ செல்லம் குடுக்கிற” என்பான். கெட்டவன் இல்லை, தூரத்திலிருந்து அவனுக்கு அவ்வளவுதான் தெரிகிறது.

கிண்டியில் கீரைக்காரம்மா இறங்கினாள், “பத்திரமா தரையிறக்குங்க” என்று சொல்லிவிட்டு. சைதாப்பேட்டைப் பாலத்தின் மேல் ரயிலின் சத்தம் மாறுகிறது. ஐந்தாம் தேவ ரகசியம், காணாமற்போன சேசுவைக் கோயிலில் கண்டடைந்தது. நான் எங்கே ஐந்துக்கு வந்தேன், நடுவில் இரண்டைச் சொல்லவே இல்லை, இருந்தாலும் மனசு இங்கேதான் வந்து நிற்கிறது. ஒரு நாள் முழுக்க நடந்த பிறகுதான் மாதாவுக்கே பிள்ளை கூட்டத்தில் இல்லை என்று தெரிந்தது. மாதா எண்ணிப் பார்க்கவில்லை. கூட வருகிறான் என்று நினைத்துக்கொண்டே நடந்திருக்கிறாள், இருக்கிறான் என்று நினைத்தது ஞாபகம் இருந்திருக்கும் அவளுக்கும். அம்மா, உனக்குத் தெரியும் இது, நீ சொல்லு, நான் இவளிடம் என்ன சொல்ல. முன்னாடியே எடுத்துவிட்டேன் என்று சொல்லிவிட்டால் போதும். தப்பு என் தலையில் விழும், என் தலை தாங்கும், இவள் பழியில்லாமல் நிற்பாள். அது பொய்யா? தெரியாததைத் தெரியும் என்று சொல்வது பொய்தான். ஆனால் உண்மையாகவும் இருக்கலாமே, பாதிக்குப் பாதி, பாதிப் பொய்க்குப் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் என்னவென்று சொல்வது. சொல்லாமலே போய்விடலாமா, ஒருவேளை அங்கே மேசை கொஞ்சம் முன்பக்கம் சாய்ந்திருக்குமா, இப்படியும் ஒரு தாய் நினைப்பாளா. மாம்பலம். கூட்டம் ஏறுகிறது, யாரோ முழங்காலில் இடிக்கிறார்கள், நான் பெட்டியின் மேல் குனிந்துகொள்கிறேன். ஜெனி கையை நீட்டி, “குடும்மா, கை வலிக்கும்” என்கிறாள். வேண்டாம் என்றேன். அவள் கை நீட்டியபடியே இருந்தது. அந்தக் கையைப் பார்த்ததும், கோடம்பாக்கம் வந்தபோது, வாய் தானாகத் திறந்துவிட்டது.

“ஜெனி, அந்த ஈயக் குண்டை நான்தான் எடுத்தேன். நீ ஒட்டறதுக்கு முன்னாடியே எடுத்து வச்சிட்டேன். மூக்கு காலியா இருக்கு. காலையில நிறுத்திப் பாத்தேன், வால்ல உக்காருது.” ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை, நீட்டிய கை மட்டும் மடிக்குப் போனது. “முன்னாடியேன்னு எப்படிம்மா தெரியும்?” என்றாள். கோபமே இல்லை அந்தக் குரலில், வேலைக்குரல், அதை மறந்தே போயிருந்தேன். “கோயிலுக்குப் போறதுக்கு முன்னாடி…” என்றேன். “அப்போ நான் எங்க இருந்தேன்?” விடாமல் அடுத்ததைக் கேட்டாள், “டம்ளர் எந்தப் பக்கம் இருந்தது? பாதி ரெண்டும் திறந்திருந்துதா?” பெட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன், “தெரியலடி. முன்னாடியா பின்னாடியான்னு தெரியல. ரெண்டு நாளா யோசிக்கிறேன்.” நேற்றிலிருந்துதான், அதையும் தப்பாகச் சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நுங்கம்பாக்கம் போனது, சேத்துப்பட்டு போனது, இப்போது எழுந்து எதிர்த் திசை ரயிலுக்குப் போய்விடுவாள் என்று நினைத்தேன், அப்படிப் போனால் நானும் பின்னால் போவேன், பெட்டியை ஆட்டாமல். எழும்பூரில் இறங்கி நாலடி நடந்து ஒரு பெஞ்சில் உட்கார்ந்தாள். “திற” என்றாள்.

பெஞ்சின் மேல் வைத்தாள். உட்கார்ந்தது. வெள்ளை உடம்பு, நீலக் கோடு, ஒரு எஞ்சினைக் கழற்றிக் கீழே சின்ன வண்டியில் வைத்த மாதிரி, அரிசி அளவு போல்ட்டுகள், எல்லாம் அவ்வளவு ஒழுங்கு, வால் மட்டும் தரையில். அவள் குனிந்து, கண்ணை அதன் மட்டத்துக்குக் கொண்டுபோய், ரொம்ப நேரம் பார்த்தாள். “நிஜத்துலயும் எஞ்சினைக் கழட்டினா சிலதுக்கு வால்ல முட்டு குடுப்போம்” என்றாள், எனக்கா விமானத்துக்கா தெரியவில்லை. “மெல்லிசா ஒரு குச்சி வேணும்மா.” பையைத் துழாவினேன், சீப்பு, தலைவலித் தைலம், ஈயக் கவர், ஜெபப் புத்தகம். புத்தகத்துக்குள் குருத்தோலை ஞாயிற்றுச் சிலுவை, ஈர்க்கோடு மடித்துக் கட்டியது. எடுத்துக் கொடுத்தேன். “மந்திரிச்சதும்மா இது” என்றாள். “எப்படியும் சாம்பல் புதனுக்கு எரிக்கறதுதானே, அதுவரைக்கும் இதைத் தாங்கட்டும்” என்றேன். தன் கைப்பையிலிருந்து நகவெட்டியும் பசையும் எடுத்தாள், ஈர்க்கை நறுக்கினாள், பெரிது, இன்னும் கொஞ்சம், வாலுக்கடியில் பசை தொட்டு நிறுத்தினாள். எதிர்த் தண்டவாளத்தில் ஒரு ரயில் வந்து பெஞ்சு நடுங்கியது. விமானமும் நடுங்கியது, மூன்று சக்கரத்திலும் ஒரு ஈர்க்கிலும் நின்றுகொண்டே.

அப்புறம் அந்தக் கார்டைக் கேட்டாள். தயாளன் சார் எல்லோருக்கும் அனுப்பியது, மாடலுக்கு முன்னால் வைக்க வேண்டும், பெயர், சீட்டில் வந்தது, குறைகள், கையெழுத்து. கட்டியவரே தன் குறையை எழுத வேண்டும் என்பது அவர்கள் வழக்கம், எழுதாத குறையை அடுத்தவர் கண்டுபிடித்தால் அன்றைக்கு எல்லோருக்கும் டீ அவர் செலவு. காலையில் பெயரையும் சீட்டையும் என்னை எழுத வைத்திருந்தாள், மீதி காலி. என் பேனாவை வாங்கி, மூடியைப் பல்லால் கழற்றி எழுதினாள், ‘மூக்கில் பாரம் வைக்கவில்லை. பிறகு முட்டு கொடுத்தது.’ எனக்குப் பொறுக்கவில்லை. “நானா இருக்கலாம்னும் எழுது. நான் டம்ளரை எடுத்தது முன்னாடியாவும் இருக்கலாம்.” அவள் கார்டைத் திருப்பிக் காட்டினாள். “கையெழுத்துக்கு ஒரு கோடுதாம்மா இருக்கு.” பேனா அந்தக் கோட்டின் மேல் நின்றது. நான் வேறு பக்கம் பார்த்தேன், டீக்கடையில் ஒருவர் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார், உயரத்திலிருந்து, ஒரு சொட்டுக் கூடக் கீழே விழாமல், நான் எண்ணாத மணி ஒன்றை விரல் உருட்டியது. திரும்பியபோது கார்டில் ‘ஜெனிட்டா ஸ்தனிஸ்லாஸ்’ என்று அவளுடைய பழைய சாய்ந்த எழுத்து இருந்தது, கடைசி எழுத்துக்குக் கீழே இழுக்கிற கோடு உட்பட. அவள் விமானத்தைப் பெட்டியில் வைத்தாள், பிறகு பெஞ்சைப் பார்த்து விரலை நீட்டி எண்ணினாள், சத்தமாக, “நகவெட்டி, பசை, பசை மூடி, மீதி ஈர்க்கு, பேனா…” விரல் நின்றது. பெஞ்சுக்கு அடியில் பார்த்தாள். “பேனா எங்கம்மா?”

என் கையில் இருந்தது. மூடி போட்டுத் துடைத்து, பைக்குள் வைக்கத் தயாராக. நான் அதை எடுத்தது எனக்கே தெரியாது. இதைக் கையெழுத்துக்குப் பிறகுதான் எடுத்திருக்க வேண்டும், கார்டில் மை இன்னும் காயவில்லை.